அடுக்களையில் இறைவன்



இறைவனை அணுகுதற்குரிய இடம் யாது என வினவினால், ஆலயம் என்பார் பலர். தனியறை என்பார் சிலர். ஜெபம், திருமறை வாசிப்பு, உபவாசம், திருவிருந்து ஆகிய கிறிஸ்தவப் பயிற்சிகள் பெரும்பாலும் இவ்விடங்களைச் சார்ந்தே நிகழ்கின்றன. ஆயின், ஒரு நாளில் இவற்றிற்கென நாம் ஒதுக்கும் நேரம் மிகச் சிறிது. எஞ்சிய நேரமெல்லாம் இறைவனுக்குப் புறம்பானதோ? இவ்வினா என் வாழ்வில் எழுந்த வகையை முதற்கண் கூறுகின்றேன்.

என் அன்னையார் தம் இறுதி இரண்டு ஆண்டுகளைப் படுக்கையிலேயே கழித்தார். அதற்கு முன் நாள்தோறும் வைகறையில் எழுந்து, ஒரு மணி நேரம் திருமறை ஓதி ஜெபிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. அவ்வழக்கத்தைக் குறித்துச் சிறிது செருக்கும் உண்டு. அன்னையார் நோயுற்ற பின், வைகறை கஞ்சி காய்ச்சும் பொழுதாயிற்று. படுக்கை விரிப்பை மாற்றி அலசும் பொழுதாயிற்று. திருமறையைத் திறந்தால் கண் மூடும். முழங்காலிட்டால் அடுத்த அறையில் இருமல் கேட்கும். ஒரு நாள் அன்னையார் மூன்றாம் முறை அழைத்தபோது, “ஜெபம் முடியட்டும், அம்மா!” என்று கடிந்து கூறிவிட்டேன். கூறிய சொல் என்னையே சுட்டது. தாயின் தாகத்தை இடையூறு எனக் கருதும் ஜெபம் எத்தகைய ஜெபம்?

அந்நாளில் எனக்குத் துணை நின்றவர், பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்த ஒரு சமையற்காரர். நிக்கொலா எர்மான் என்பது அவர் இயற்பெயர். சகோதரர் லாரன்ஸ் என்பது துறவில் ஏற்ற பெயர். லொரேன் நாட்டில் எளிய குடியிற் பிறந்தவர். பதினெட்டாம் வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற மரமொன்றைக் கண்டார். அது மீண்டும் தளிர்த்துப் பூத்துக் காய்க்கும் என்று எண்ணிய அளவில், இறைவனின் பேராற்றல் அவர் உள்ளத்தில் பதிந்தது. பின்னர்ப் படைவீரராகிப் போரிற் காயமுற்றார். 1640ஆம் ஆண்டு கர்மேல் துறவியர் மடத்தில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த பணியோ சமையல்! இயல்பாகவே அடுக்களை வேலையில் மிக்க வெறுப்புடைய அவர், பல்லாண்டுகள் அதனையே செய்தார். பின்னர் மடத்தாரின் காலணிகளைச் செப்பனிட்டார். 1691ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் பிறர் தொகுத்த சிறு நூலே இன்று உலகெங்கும் பயிலப்படுகின்றது.

அவர் கையாண்ட முறை மிக எளியது. இறைவன் தம்மருகே இருக்கின்றார் எனும் நினைவோடு, செய்யும் தொழிலின் இடையிலேயே அவருடன் ஓரிரு சொற்கள் பேசுதல் வேண்டும். வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதும் இறைவன்பால் கொண்ட அன்பினாற் செய்யத்தக்கதே என்பது அவர் கொள்கை. மடத்திற்குத் திராட்சைமது வாங்கப் பர்கண்டி நாட்டிற்கு அனுப்பப்பட்டபோது, வணிகமும் அறியார், காலும் ஊனம். படகிலே பீப்பாய்களின்மேல் உருண்டே நகர வேண்டியிருந்தது. ‘இது உமது வேலை’ என்று இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு அதனையும் செய்து முடித்தார்.

இதனைக் கேட்போர், அவர் மனம் என்றும் அலையாதிருந்தது போலும் என எண்ணலாம். அவ்வாறன்று. முதற் பத்தாண்டுகள் தாம் மிகத் துன்புற்றதாக அவரே எழுதியுள்ளார். மனம் சிதறியதை உணரும்போது, அதற்காக நெடிது வருந்திக்கொண்டிராமல், உடனே இறைவன்பால் திரும்பிவிடுவார். அப்பயிற்சியின் உயிர்நாடி இதுவே என்று நான் கருதுகின்றேன். இறைவனை அணுகுதல் என்பது நினைவு தவறாதிருத்தலன்று. தவறிய நினைவு மீண்டும் மீண்டும் திரும்புதலே. பத்து முறை சிதறிய மனம், பத்து முறை இறைவன்பால் திரும்புவதற்கு வாய்ப்புப் பெற்றது எனலாம்.

இக்கருத்து லாரன்ஸ் புதிதாகக் கண்டதும் அன்று. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டுப் பெனடிக்ட் முனிவர் வகுத்த மடத்து ஒழுங்கில், பண்டகசாலை காப்பவர் அங்குள்ள கலங்களையெல்லாம் பலிபீடத்தின் திருக்கலங்களைப் போலவே மதித்தல் வேண்டும் என்ற விதி உண்டு. 1548ஆம் ஆண்டு திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ எனும் நூல், அன்றாடம் தன்னைத்தான் ஆராய்ந்து பார்க்கும் முறையைக் கற்பிக்கின்றது. அவ்வாராய்ச்சி குற்றங்களை எண்ணுவதில் தொடங்குவதில்லை. பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுவதில் தொடங்குகின்றது. அதன் பின்னரே தவறுகளை உணர்தலும், மன்னிப்பு வேண்டலும், மறுநாளைக்கு உறுதி கொள்ளுதலும்.

இவற்றை நான் என் வீட்டிற்கு ஏற்றவாறு கைக்கொண்டேன். கஞ்சி கொதிக்கும் வரை ஒரு சிறு வேண்டுதல். விரிப்பை அலசும்போது ஒரு நன்றி. இரவில் விளக்கை அணைக்குமுன், அன்றைய நாளை ஒருமுறை திரும்பிப் பார்த்தல். இவ்வளவே. பேரின்ப உணர்வு எதுவும் பொங்கி எழவில்லை. சில நாட்களில் காலை முதல் மாலை வரை இறைவனை ஒருமுறையும் நினையாதிருந்ததை இரவிலேதான் உணர்வேன். ஆயினும், அன்னையார் அழைக்கும் குரல் இடையூறாகத் தோன்றுவது மெல்லமெல்லக் குறைந்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுதல் வேண்டும். தொழிலே வழிபாடு என்று கூறித் தனி ஜெபத்தையும் கூட்டு வழிபாட்டையும் கைவிடுதல் முறையாகாது. லாரன்சும் மடத்தின் ஜெப வேளைகளை விட்டவர் அல்லர். குறித்த வேளையில் ஊற்றருகே சென்று குடத்தை நிரப்பினாலன்றோ, நாள் முழுதும் அதில் நீர் இருக்கும்?

அன்னையார் மறைந்த பின், என் வைகறை மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. மனம் இன்றும் அலைகின்றது. நானும் அதனைத் திருப்புகின்றேன். ஆனால், இப்போது ஜெப வேளையில் எவரேனும் கதவைத் தட்டினால், எழுந்து சென்று திறக்கின்றேன்.