தடுக்க ஆளில்லாத இருவர்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இந்தப் பக்கம் 11 பேர், அந்தப் பக்கம் 11 பேர். பார்க்கச் சரிசமமாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்து கையில் இருக்கும் அணியை எண்ணிப் பாருங்கள். பந்தை வாங்கி வீசுவதா, கொடுப்பதா என்று முடிவு செய்யும் குவாட்டர்பேக் ஒருவர். அவரிடம் வாங்கிக்கொண்டு ஓடுபவர் ஒருவர். பந்தைக் கொடுத்தபின் குவாட்டர்பேக் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்ப்பார். ஓடுபவருக்கு வழிவிலக்க மீதி 9 பேர்தான். எதிரில் நிற்பதோ 11. ஆக, தடுக்க ஆளில்லாத இருவர் தற்காப்பு அணியில் எப்போதும் மிச்சம். அந்த இருவரை எங்கே நிறுத்துவது? ஒரு தற்காப்புப் பயிற்சியாளரின் வாழ்நாள் வேலை கிட்டத்தட்ட இந்தக் கேள்விதான்.

(நம் ஊரில் ஃபுட்பால் என்றால் வேறு. இது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். 4 முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.)

பட் ஃபாஸ்டர் என்பவர் இந்தக் கேள்வியோடு 33 பருவங்களை வர்ஜீனியா டெக் என்ற ஒரே கல்லூரியில் கழித்தார். கென்டக்கி மாநிலத்தின் முர்ரே ஸ்டேட் கல்லூரியில் ஆடியவர். படிப்பு முடிந்ததும் அங்கேயே பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் பீமர் 1987இல் வர்ஜீனியா டெக்குக்குப் போனபோது கூடவே போனார். 1995இல் தற்காப்பின் பொறுப்பு இன்னொருவரோடு கூட்டாக அவர் கைக்கு வந்தது; அடுத்த ஆண்டு முழுப் பொறுப்பும் அவருடையதே. இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை ஊர் மாறுவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். சம்பளம் கூடினால் மாறுவார்கள், தோற்றால் மாற்றப்படுவார்கள். ஃபாஸ்டர் அசையவில்லை. 2006இல் அவருடைய அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 11 புள்ளிதான் விட்டுக்கொடுத்தது. சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராயில்ஸ் விருது அந்த ஆண்டு அவருக்கே.

அவர் செய்தது என்ன? மிச்சமிருக்கும் ஆட்களைப் பாதுகாப்பாகப் பின்னால் நிறுத்துவது சராசரிப் புத்தி. அவர் எட்டுப் பேரை முன்வரிசைக்கு அருகில் குவித்தார். ஓடி வருபவருக்குச் சந்து கிடைக்காது. சரி, பந்தைத் தலைக்கு மேலே வீசினால்? அதற்கும் ஓர் ஆள் வைத்திருந்தார். மைதானத்தின் நடுவே, பந்து வைக்கப்படும் கோட்டிலிருந்து சுமார் 10 கெஜம் தள்ளி நிற்கும் அவருக்கு ‘ராபர்’ என்று பெயர். கபடியில் ரைடரின் முகத்தை விட்டுவிட்டுக் கார்னர்காரர் காலையே பார்த்துக்கொண்டிருப்பார் அல்லவா? ராபரும் அப்படித்தான். பந்தைப் பார்ப்பதில்லை. வெளிக்கோட்டிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக நிற்கும் எதிரணிக்காரரின் முதல் சில அடிகளை மட்டும் பார்ப்பார். அவர் தடுக்க வருகிறாரா, பந்து வாங்க ஓடுகிறாரா என்பதிலேயே முழு ஆட்டமும் எழுதியிருக்கும். படித்ததும் பாய வேண்டும். பந்து வீசப்படுவதற்கு மூன்று விநாடிகூட ஆகாது. அதற்குள் படிப்பு, முடிவு, பாய்ச்சல் மூன்றும் நடந்தாக வேண்டும்.

இன்னொரு வியப்பு, இந்தத் திட்டம் பயிற்சியாளரின் வாயிலிருந்து ஆட்டக்காரரின் காதுக்குப் போகும் வழி. இரண்டு முயற்சிகளுக்கு நடுவே 40 விநாடிதான். எதிரணியில் யார் உள்ளே வந்தார்கள் என்று பார்த்து, திட்டம் தீர்மானித்து, லட்சம் பேர் கத்தும் அரங்கில் அதைப் பதினொரு பேருக்கும் சொல்லியாக வேண்டும். தொழில்முறை ஆட்டத்தில் தலைக்கவசத்துக்குள் ரேடியோ வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. முதல்நிலைக் கல்லூரி ஆட்டத்தில் அது 2024இல்தான் முறையாக அனுமதிக்கப்பட்டது. அதுவரை சைகைதான். ஓரத்தில் மூன்று பேர் நின்று மூக்கைத் தொடுவார்கள், தோளைத் தட்டுவார்கள். அதில் ஒருவர் செய்வது மட்டும் உண்மை; மற்றவர்கள் எதிரணியின் உளவுக் கண்ணை ஏமாற்ற. ஃபாஸ்டரின் காலம் முழுவதும் இந்தச் சைகை யுகத்திலேயே கழிந்தது.

இனி எதிர்த்தரப்பின் சாமர்த்தியம். 1990களின் தொடக்கத்தில் ரிச் ரோட்ரிகெஸ் என்ற பயிற்சியாளர், மேற்கு வர்ஜீனியாவின் கிளென்வில் ஸ்டேட் என்ற சிறு கல்லூரியில் ஓர் உத்தியை உருவாக்கினார். ‘ஸோன் ரீட்’ என்பார்கள். தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுவது. குவாட்டர்பேக் பந்தைக் கொடுப்பதுபோல் நீட்டிக்கொண்டே அந்த ஆளைக் கவனிப்பார். அவர் ஓடுபவரைப் பிடிக்கப் போனால், பந்தைத் தானே வைத்துக்கொண்டு அவர் விட்டுப்போன இடத்தில் ஓடுவார். அவர் அசையாமல் நின்றால் பந்தைக் கொடுத்துவிடுவார். எது செய்தாலும் தப்பு! ஒரு விரல்கூடப் படாமல் ஒரு தற்காப்பாளர் ஆட்டத்திலிருந்து கழிக்கப்பட்டுவிடுகிறார். மிச்சமிருந்த இருவரில் ஒருவர் போய்விட்டார். என்னைக் கேட்டால், இந்த ஆட்டத்தின் மிக அழகான திருட்டு இது.

இதற்கு ஃபாஸ்டர் கொடுத்த பதிலை 2014 செப்டம்பர் 6 அன்று கொலம்பஸ் நகரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் நேரில் பார்த்தார்கள். ஒஹையோ ஸ்டேட் அணிக்கு ஜே.டி. பாரெட் புது குவாட்டர்பேக். தொடக்க ஆட்டக்காரராக அது அவருக்கு இரண்டாவது ஆட்டம். ஃபாஸ்டர் 1985இன் சிகாகோ பேர்ஸ் அணி புகழ்பெறச் செய்த ‘46’ என்ற பழைய அமைப்பைத் தூசி தட்டி எடுத்தார். எதிரணி வரிசையின் நடுவில் நிற்கும் மூவருக்கும் நேர் எதிரே ஆளுக்கொருவர், நடுவழி அடைபட்டது. பின்னால் காவலுக்கு நிற்பவரையும் முன்னே இழுத்துவிட்டார். பந்து வாங்க ஓடுபவர்களுக்கு ஆளுக்கொரு காவல். அவர்களுக்குப் பின்னால் ஒரு குஞ்சுகூட இல்லை. ‘வீச முடிந்தால் வீசு’ என்ற சவால். பாரெட் 29 முறை வீசினார். 9 மட்டுமே தன் ஆட்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 3 எதிராளிகள் கைக்குப் போயின. வீசும் முன்பே 7 முறை கீழே சாய்க்கப்பட்டார். முடிவு 35–21, வர்ஜீனியா டெக்குக்கு வெற்றி. ஒஹையோ ஸ்டேட் அதன்பின் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் அந்தப் பருவத்தின் தேசியக் கோப்பையையே வென்றது. அந்தப் பருவத்தில் அதற்கு ஒரே தோல்வி இதுதான்.

இத்தனை கணக்குக்கும் அடையாளமாக அந்த அணி தூக்கித் திரிந்தது என்ன தெரியுமா? சுரங்கத் தொழிலாளி கொண்டுபோவது போன்ற ஒரு நசுங்கிய தகரச் சாப்பாட்டுப் பெட்டி. 1995 முதல் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வருவார். உள்ளே சோறு இல்லை. அணியின் இலக்குகள் எழுதிய தாள்கள்.

2019 பருவத்தோடு ஓய்வு என்று ஃபாஸ்டர் முன்கூட்டியே அறிவித்தார். சொந்த மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் அணிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை: 28–0. அதற்கடுத்தும் ஆட்டங்கள் இருந்தன. பருவத்தின் கடைசி ஆட்டமாக டிசம்பர் 31 அன்று நடந்த பெல்க் போலில் எதிரே வந்தது, அவர் தொழிலைத் தொடங்கிய அதே மாநிலத்தின் கென்டக்கி அணி. அதன் குவாட்டர்பேக்குகள் காயமடைந்ததால், பந்து வாங்கும் ஆட்டக்காரரான லின் போடனை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவர் வீசுவதைவிட ஓடுவதையே நம்பினார். 233 கெஜம் ஓடினார். கடைசி நிமிடத்தில் பந்தை வீசியே வெற்றிக்கான புள்ளியையும் எடுத்தார். கென்டக்கி 37, வர்ஜீனியா டெக் 30.