உங்களுக்குத் தெரியுமா? எண்டோஸ்கோபியும் ரத்தக்கசிவும்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி கோவைக்கு எண்டோஸ்கோபிக்குப் போகிறவர் பையில் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டெல்லாம் இருக்கும். தினமும் விழுங்கும் மாத்திரையின் அட்டை இருக்காது. இதயத்துக்குப் பாலக்காட்டில் ஒரு டாக்டர், வயிற்றுக்குக் கோவையில் இன்னொருவர் என்று பார்க்கும் வடகரப்பதிக்காரர்கள் முதலில் எடுத்துவைக்க வேண்டியது அந்த அட்டையைத்தான்.

● வயிற்றைப் பார்க்க மட்டும் குழாய் விடுவதற்கோ, பயாப்ஸிக்குத் துளி சதை கிள்ளுவதற்கோ ஆஸ்பிரினைப் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை. பெரிய கட்டியை அறுத்தெடுப்பதென்றால் கணக்கே வேறு. வார்ஃபரினை வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்துவார்கள். அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று தானாக மாத்திரையை விட்டால் வயிறு தப்பும், இதயம் மாட்டிக்கொள்ளும்.

● ரத்தம் கசியும் புண்ணைச் சுற்றி, 10,000-ல் ஒரு பங்காக நீர்த்த அட்ரினலினைக் குழாய் வழியாகவே ஊசி போடுவார்கள். கசிவு நிற்கும். ஆனால் மருந்தின் வேகம் அடங்கினால் மறுபடி கசியலாம். அதனால் கூடவே சூடு வைப்பார்கள், அல்லது குட்டி உலோக கிளிப்பால் கவ்விவிடுவார்கள். கிளிப் பின்னாளில் தானே கழன்று மலத்தோடு போய்விடும். அதற்குள் எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள்.

● கல்லீரல் சுருங்கியவர்களுக்கு இரைப்பையில் புடைத்த ரத்தநாளம் வெடித்தால் அதற்குள் பசையையே செலுத்துகிறார்கள்! சயனோஅக்ரிலேட், ஃபெவிக்விக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. ரத்தம் பட்டதும் இறுகி அடைத்துக்கொள்ளும். உணவுக்குழாயில் வெடித்தால் ரப்பர் வளையம் மாட்டுவார்கள்.

● "ஏனுங்க டாக்டர், இன்னும் ரத்தம் ஏத்தலீங்களா?" வார்டு வாசலில் உறவினர்கள் பதறுவது இதற்குத்தான். 2013-ல் வெளியான பார்சிலோனா ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கினால் மட்டும் ரத்தம் ஏற்றப்பட்டவர்களே, 9-லேயே ஏற்றப்பட்டவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள். இதய நோயாளிகளுக்கு மட்டும் அளவுகோல் கொஞ்சம் உயரும்.

● கட்டியை அறுத்தெடுத்த இடம் வீட்டுக்கு வந்து சில நாள் கழித்தும் கசியலாம். மலம் தார்போல் கறுத்து, பிசுபிசுத்து, வழக்கத்துக்கு மாறாக நாறினால், தலைசுற்றலும் சேர்ந்தால், விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் தார்ப் பிசுக்கு வராது.