வெள்ளை மலையை வலம் வருதல்

மலையை வலம் வருவது நம்மவர்களுக்குப் புதிய சமாசாரமல்ல. ஆனால் நாம் இப்போது சொல்லப்போகும் மலையை ஓர் இரவில் வலம் வந்துவிட முடியாது. பத்துப் பதினோரு நாட்கள் ஆகும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்விட்ஸர்லாந்து ஆகிய மூன்று தேசங்களின் மண்ணை மிதித்தாக வேண்டும். நடக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். வழியிலுள்ள ஏற்றங்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சுமார் 10,000 மீட்டர் வரும். அதாவது கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிவரை ஏறி, அதற்கு மேலும் ஆயிரம் மீட்டர் ஏறிய கணக்கு!

இந்த மலைக்கு மோன் பிளாங் என்று பெயர். பிரெஞ்சு பாஷையில் 'வெள்ளை மலை' என்று பொருள். ஆல்ப்ஸ் தொடரில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. உயரம் சுமார் 4,806 மீட்டர். ஜினீவா நகரத்து விஞ்ஞானி ஸோஸ்யூர் என்பவர், இதன் உச்சிக்கு வழி காண்போருக்குப் பரிசளிப்பதாக 1760-ம் வருஷத்தில் அறிவித்தார். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1786 ஆகஸ்டு 8-ந் தேதி, ஷாமொனி ஊரைச் சேர்ந்த பக்கார் என்ற வைத்தியரும், மலையில் படிகக் கல் தேடித் திரிந்த பால்மா என்பவரும் உச்சியில் போய் நின்றார்கள். அடுத்த வருஷம் ஸோஸ்யூரும் ஏறிவிட்டார்.

உச்சிக்கு ஏறுவது கயிறும் பனிக்கோடரியும் பிடித்துப் பழகியவர்களின் காரியம். நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அதுவன்று. மலையைச் சுற்றிக் கணவாய் கணவாயாக ஏறி இறங்கும் நடைபாதையைப் பற்றியே சொல்ல வந்தோம். பனி உருகிய கோடைகாலத்தில், திடமான இரண்டு கால்களும் நிதானமான ஒரு மனமும் உள்ளவர்கள் இந்தப் பாதையில் போய்வரலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களும் போகிறார்கள். துணையில்லாமல் தன்னந்தனியே போகிற ஆண்களும் பெண்களும் பலர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரான்ஸிலுள்ள லே ஊஷ் என்ற ஊரில் தொடங்கி, மலை தங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்படி நடப்பதே பெரும்பாலோரின் வழக்கம். நம் சம்பிரதாயப்படி அது அப்பிரதட்சிணம்! வலமாகத்தான் போவோம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு யாதொரு தடையுமில்லை. எதிரே வரும் கூட்டத்துக்கெல்லாம் வணக்கம் சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்கும்.

மலைச் சாவடிகள்

'அந்நிய தேசத்து மலையில் தனியாகப் போகிறவர் இரவில் எங்கே படுப்பார்?' என்று நேயர்கள் கேட்பது நியாயமே.

பாதை நெடுகிலும், ஒரு நாள் நடையிலோ அதற்கும் குறைவான தூரத்திலோ தங்குமிடங்கள் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் இவற்றை 'ரெஃப்யூஜ்' என்கிறார்கள். இத்தாலியர் 'ரிஃபூஜியோ' என்கிறார்கள். இரண்டுக்கும் புகலிடம் என்பதே பொருள். நாம் சாவடி என்று சொல்லிக்கொள்ளலாம். இவற்றின் வம்சம் மிகப் பழமையானது. இந்தப் பாதைக்கு அதிக தூரமில்லாத கிராண்ட் ஸெயின்ட் பெர்னார்ட் கணவாயில், 2,469 மீட்டர் உயரத்தில், பதினோராம் நூற்றாண்டிலேயே துறவிகள் ஒரு சத்திரம் அமைத்தார்கள். பனியில் வழி தவறியவனுக்குக் கதவைத் திறப்பது அவர்களுடைய தர்மம். பிற்காலத்தில் மலையேறுவோர் சங்கங்கள் அந்தப் பணியைத் தொடர்ந்தன. ஸ்விஸ் சங்கமும் இத்தாலியச் சங்கமும் 1863-லும், பிரெஞ்சுச் சங்கம் 1874-லும் தோன்றியவை. வெள்ளை மலைச் சுற்றில் சில சாவடிகள் இச்சங்கங்களுடையவை. மற்றவை தனிப்பட்டவர்கள் நடத்துபவை.

சாவடியில் கிடைப்பது இவ்வளவுதான்: பலரும் சேர்ந்து படுக்கும் கூடத்தில் ஒரு படுக்கை, இரவுச் சாப்பாடு, காலை ஆகாரம். கூடத்தில் ஆண்களும் பெண்களும் அடுத்தடுத்துப் படுப்பது அங்கே சகஜம். அது மனத்துக்கு ஒவ்வாதவர்கள், சில சாவடிகளில் மட்டும் உள்ள தனி அறைக்கு அதிகப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். கம்பளி அவர்கள் தருவார்கள். அதற்குள்ளே விரித்துக்கொள்ளும் துணிப்பை நம்முடையதாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே வேளையில், ஒரே பந்தியில் சாப்பாடு. மாமிசம் உண்ணாதவர்கள் அதை முன்கூட்டியே, பதிவு செய்யும்போதே தெரிவித்துவிடுவது நலம். மலை உச்சியில் மாலை ஏழு மணிக்குச் சொன்னால் சமையற்காரர் என்ன செய்வார், பாவம்!

இடம் பிடிக்கும் வித்தை

முன்னாளில் இப்படி ஒரு யாத்திரை போக விரும்பியவர் மூன்று தேசத்துச் சாவடிகளுக்கும் தனித்தனியே கடிதம் எழுத வேண்டும். அல்லது டெலிபோனில் பிரெஞ்சிலும் இத்தாலியிலும் தடுமாற வேண்டும். இப்பொழுது இந்தச் சுற்றுக்கென்றே இணையத்தின் வழியாக இயங்கும் ஒரு பொதுவான முன்பதிவு நிலையம் இருக்கிறது. 'என்னுடைய மோன் பிளாங் சுற்று' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் அதற்கு. தேதியையும் ஆள்தொகையையும் கொடுத்தால், அன்றைய இரவு எந்தச் சாவடியில் இடம் இருக்கிறதென்று காட்டுகிறது. ஒவ்வோர் இரவாகத் தேர்ந்தெடுத்து முன்பணம் கட்ட வேண்டியதுதான். எல்லாச் சாவடிகளும் இதில் சேர்ந்திருக்கவில்லை. சேராதவற்றுக்கு அவரவர்களிடம் நேரே எழுத வேண்டும்.

யாத்திரைக் காலம் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. முந்திய வருஷத்து இலையுதிர் காலத்திலேயே பதிவு தொடங்கிவிடுகிறது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களுக்குரிய படுக்கைகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன. இந்த விஷயத்தில் தனி ஆளுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஆறு பேருக்கு இடமில்லை என்று கைவிரிக்கும் சாவடியில் ஒருவருக்கு ஒரு மூலை அநேகமாகக் கிடைத்துவிடும்.

பலர் முதல் நாளிலிருந்து வரிசையாகப் பதிவு செய்யத் தொடங்கி, நாலாம் நாளில் இடமில்லாமல் விழிக்கிறார்கள். செய்ய வேண்டிய முறை வேறு. மாற்று இடம் அரிதாக உள்ள இரவுகளை முதலில் பிடிக்க வேண்டும். பிரெஞ்சுப் பகுதியில் 2,443 மீட்டர் உயரத்திலுள்ள குருவா தியூ போனோம் சாவடி, இத்தாலியில் ஸேஞ் கணவாயைத் தாண்டியதும் வரும் எலிஸபெத்தா சாவடி, மலை வீரர் வால்ட்டர் போனாத்தியின் பெயர் தாங்கிய சாவடி ஆகியவை இத்தகையவை. இவை கிடைத்த தேதிகளை முளையாக அடித்துக்கொண்டு, கூர்மாயோர், ஷாம்பே போன்ற ஊர்களில் தங்கும் இரவுகளை இடையில் நிரப்பலாம். ஊர்களில் ஹோட்டல்கள் பல உண்டு.

'இந்தத் தொல்லை எதற்கு? ஒரு கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போனால் ஆகாதா?' என்றால், இத்தாலியப் பகுதியான ஆவோஸ்தாப் பள்ளத்தாக்கில் 2,500 மீட்டருக்குக் கீழே கண்ட இடத்தில் கூடாரம் போடச் சட்டம் இடந்தராது. பாதையோ கணவாய்களின் முகட்டில்தான் அந்த உயரத்தை எட்டிப் பார்க்கிறது.

இந்தியப் பிரஜைகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. மூன்று தேசங்களும் ஷெங்கன் உடன்படிக்கையில் சேர்ந்தவையாதலால், ஒரே விசா போதும். கணவாய்களில் தடுத்து நிறுத்துவோர் கிடையாது. எந்தத் தேசத்தில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்தத் தேசத்தினிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பிரயாணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. சாவடிகளோ அதற்குள் நிரம்பிவிடும். விண்ணப்பத்திலும் தங்குமிடத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். ஆகவே முதலில் பதிவு, பிறகு விசா என்பதே நடைமுறை. விசா மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்புமா என்பதைச் சாவடிக்குச் சாவடி வாசித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது விவேகம். ரத்து செய்யும் விதிகள் எல்லா இடத்திலும் ஒன்றல்ல.

காலுக்குத் தக்க கணக்கு

முன்பதிவு நிலையம் படுக்கை கொடுக்கும், கால் கொடுக்காது. காகிதத்தில் இரண்டு சாவடிகளுக்கு இடையே விரற்கடை தூரம்தான் இருக்கும். அந்த விரற்கடைக்குள் ஆயிரம் மீட்டர் ஏற்றம் ஒளிந்திருக்கும்.

ஸ்காட்லாந்தின் மலையேறியான நெயிஸ்மித் என்பவர் 1892-ல் ஒரு சுலபமான சூத்திரம் வகுத்தார். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். உதாரணமாக, 1,554 மீட்டரிலுள்ள லே ஷாப்பியூவிலிருந்து 2,516 மீட்டரிலுள்ள ஸேஞ் கணவாய் வழியாக எலிஸபெத்தா சாவடிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். தூரத்துக்கு மூன்று மணி; 962 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றரை மணிக்குச் சற்று மேல். மூட்டைக்கும், மூச்சு வாங்குவதற்கும், அழகைப் பார்த்து நிற்பதற்கும் சேர்த்தால் ஆறரை மணி என்று கொள்ளலாம். கோடைப் பிற்பகல்களில் இடிமழை வருவது அங்கே சாதாரணம். எனவே காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு இரண்டு மணிக்குள் சேரும்படி ஒவ்வொரு நாளையும் வகுக்க வேண்டும். ஜூலைத் தொடக்கம் வரையில் உயர்ந்த கணவாய்களில் பனி கிடக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

துணையோடு போகிறவர்கள் ஒருவர் தளர்ந்தால் மற்றவர் மூட்டையை வாங்கிக்கொள்ளலாம். தனி ஆள் தம்முடைய மிகச் சிறந்த நாளை வைத்துக் கணக்குப் போடலாகாது. மிக மோசமான நாளை வைத்தே போட வேண்டும். ஏனெனில் சாவடிப் பதிவுகள் சங்கிலி போன்றவை. ஒரு கண்ணி அறுந்தால் பின்னால் உள்ளவை அனைத்தும் அறும். நடுவழியில் கூர்மாயோரில் ஒரு நாள் ஓய்வு வைத்துக்கொள்வது நல்லது. அங்கிருந்து 1965-ல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை வழியாக ஷாமொனிக்குப் பஸ் போகிறது. முழங்கால் மக்கர் செய்தால் கௌரவமாகத் திரும்பிவிடலாம்.

ஒரு வாக்கு

கடைசி நாளில் ப்ரெவாங் முகட்டிலிருந்து பார்த்தால், எதிரே போஸோன் என்ற பனியாறு வெள்ளை மலையிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி வழிந்து இறங்குவது தெரியும். இந்தியர்கள் அவ்விடத்தில் சற்று நின்று தலைவணங்க வேண்டும். 1950 நவம்பர் 3-ந் தேதி 'மலபார் பிரின்ஸஸ்' என்னும் நமது விமானம் அந்த மலையில் மோதி, அதிலிருந்த 48 பேரும் மாண்டார்கள். 1966 ஜனவரி 24-ந் தேதி 'கஞ்சன்ஜங்கா' என்ற விமானமும் அங்கேயே மோதி 117 பேர் உயிரிழந்தார்கள். அணு விஞ்ஞானி ஹோமி பாபா அவர்களில் ஒருவர். மலையைத் தாண்டிவிட்டதாகத் தவறாக எண்ணி விமானி கீழே இறக்கியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. இந்திரா காந்தி பிரதமரான செய்தியைத் தாங்கிய அந்நாளைய இந்தியப் பத்திரிகைகள் 2020-ம் வருஷத்தில் அந்தப் பனியாற்றிலிருந்து வெளிவந்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் மலை அவற்றை விழுங்கி வைத்திருந்தது.

அத்தகைய மலையில், தனியே போகிறவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார்? அன்று மாலை அவருக்காகத் தட்டு வைத்துக் காத்திருக்கும் சாவடிக்காரர்தான். முன்பதிவின் உண்மையான மதிப்பு இதிலேதான் இருக்கிறது. பெயரெழுதிய படுக்கை காலியாக இருந்தால், 'இவருக்கு என்ன ஆயிற்று?' என்று அவர் கவலைப்படுவார். முந்திய சாவடியை விசாரிப்பார். மூன்று தேசங்களுக்கும் பொதுவான 112 என்ற ஆபத்துதவி எண்ணையும் அழைக்க நேரலாம்.

ஆகவே, வர இயலாவிட்டால் அன்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவது யாத்திரிகரின் தலையாய கடமை. சொல்லாமல் இருந்துவிட்டால் தீங்கு இரண்டு வழியில் வரும். பத்திரமாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பவருக்காக மற்றவர்கள் மழையில் தேட நேரும். நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டும் வேறொருவருக்கு, 'இடமில்லை' என்று சொல்ல நேரும். பணம் கட்டியாகிவிட்டதே, படுத்தால் என்ன, படுக்காவிட்டால் என்ன என்ற எண்ணம் பட்டணத்து ஹோட்டலுக்குச் செல்லும். மலைச் சாவடிக்குச் செல்லாது. மேலும், பாரத நாட்டிலிருந்து வந்தவர் வாக்குத் தவறாதவர் என்று ஒரு சாவடிக்காரர் நினைப்பாரானால், அடுத்து வரும் நம்மவருக்கு அங்கே கதவு சற்று அகலமாகவே திறக்கும்.

வரும் கோடைக்கு எண்ணமுள்ளவர்கள் இந்த ஐப்பசியிலேயே படத்தை விரித்துக் கணக்குப் போடத் தொடங்கலாம். அதற்கிடையில், முதுகில் எட்டுக் கிலோ மூட்டையுடன் நாள்தோறும் மாடிப்படி ஏறி இறங்கட்டும். அண்டை வீட்டார் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.