காலண்டர் அட்டையில் ஒரு பாதம்

அண்ணன் மகன் வேலைக்குப் போன கையோடு கியர் சைக்கிள் வாங்கிவிட்டான். விடியுமுன் நரிக்குடியிலிருந்து கிளம்பி, திருச்சுழிப் பக்கம் ஒரு சுற்றுப் போய், வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுவான். இப்போது பெடலில் மாட்டிக்கொள்ளும் ஷூ வேண்டுமாம். எங்கள் ஊரில் அதைப் போட்டுப் பார்த்து வாங்க வழியில்லை. தபாலில்தான் வரவழைக்க வேண்டும். “எனக்கு எட்டு சைஸ் சித்தப்பா. எட்டுன்னா 42ன்னு போட்டிருக்கு. அதையே போட்டுரட்டா?” என்று போனும் கையுமாக வந்து நின்றான்.

“இருடா, மொதல்ல காலைக் காட்டு” என்றேன்.

காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் செருப்பு நம்பரை வைத்து ஒரு ஜோடி வாங்கினேன். நீளம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மணி நேரம் மிதித்ததும் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போயின. காரியாபட்டி ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, விரல்களைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நடக்கிற ஷூ கொஞ்சம் பிடித்தாலும் சமாளித்துவிடலாம். அதன் அடிப்பாகம் வளையும், கால் அசையும். சைக்கிள் ஷூவின் அடிப்பாகம் நைலானோ கார்பனோ, வளையாது. வளையாமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள், அப்போதுதான் மிதிக்கிற பலம் பெடலுக்குப் போகும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 தடவை பாதத்தின் ஒரே இடம் அழுந்துகிறது. பக்கவாட்டில் இறுக்கம் இருந்தால் விரல் எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு நசுங்குகிறது. மரத்துப்போவதும், உள்ளங்கால் தீயாய் எரிவதும் பெரும்பாலும் அதனால்தான்.

எட்டு என்றால் என்ன, 42 என்றால் என்ன? நம் கடைகளில் சொல்லும் எட்டு, ஒன்பது எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து பிரிட்டிஷ் கணக்கு. ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மி.மீ., ஒரு சைஸ். நம் பழைய கணக்கிலும் எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்று தானியத்தை வைத்துத்தானே அளந்தோம், அதுபோல. ஐரோப்பிய எண்ணில் ஒரு சைஸ் என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, 6.67 மி.மீ. இரண்டு படிகளும் வெவ்வேறு உயரம் என்பதால் எல்லா இடத்திலும் ஒட்டி நிற்காது. பிரிட்டிஷ் எட்டு கிட்டத்தட்ட 42க்கு நேராக வருகிறது. ஏழோ 40க்கும் 41க்கும் நடுவில் விழுகிறது. அதை எந்தப் பக்கம் தள்ளுவது என்பது அந்தந்தக் கம்பெனியின் இஷ்டம். அடிடாஸில் பிரிட்டிஷ் எட்டு 42. நைக்கியில் அதே எட்டு 42.5.

இதில் இன்னொரு விஷயம். இந்த எண்கள் அளப்பது பாதத்தை அல்ல. ஷூ தைக்க உதவும் லாஸ்ட் என்கிற பாத அச்சை. 42ஐ மூன்றில் இரண்டால் பெருக்கினால் 28 செ.மீ. விரலுக்கு முன்னால் விடும் இடம் 1.5 செ.மீ. கழித்தால் 26.5. சைக்கிள் ஷூ செய்யும் ஷிமானோ கம்பெனியின் அட்டவணையில் 42க்கு நேராக இருக்கும் பாத நீளம் சரியாக அதே 26.5தான், 43க்கு 27.2, 44க்கு 27.8. எல்லாக் கம்பெனியும் அதே 1.5ஐ விடும் என்று சட்டமில்லை. ஆகவே சென்டிமீட்டர் போட்ட அட்டவணையைத் தேடிப் பிடியுங்கள். சைஸ் நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் கால் மாறாது.

அந்தக் காலை அளப்பது அரைமணி வேலை. சிவகாசி தினசரிக் காலண்டரின் பழைய அட்டை ஒன்றைப் புறம் திருப்பி, சுவரோடு ஒட்டித் தரையில் போட்டோம். சாயங்காலமாகத்தான் அளக்க வேண்டும். பகலெல்லாம் நடந்த கால் சற்றுப் பருத்திருக்கும், சித்திரை வெயிலில் இன்னும் அதிகம். ஓட்டும்போது போடும் சாக்ஸைப் போட்டு, குதிகாலைச் சுவரில் முட்டி, உடம்பின் பாரம் முழுதும் அந்தக் காலில் விழும்படி நிற்கச் சொன்னேன். உட்கார்ந்து அளந்தால் நீளம் குறைந்துதான் காட்டும். பென்சிலை நட்டுக்குத்தலாகப் பிடித்துச் சுற்றிக் கோடு போட்டேன். சாய்ந்தால் சில மி.மீ. பிசகிவிடும். பெருவிரலா, அடுத்த விரலா, எது நீண்டதோ அதன் நுனிவரை நீளம். பெருவிரல் மொழிக்கும் சுண்டுவிரல் மொழிக்கும் நடுவில் அகலம். இடது கால் 26.1, வலது 26.4. அகலம் 10.7. பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும்.

அட்டையைப் பார்த்ததும் அவனுக்கே விளங்கியது. விரல்கள் விசிறிபோல் விரிந்திருந்தன. வெறுங்காலிலும் செருப்பிலும் கரிசல் காட்டில் ஓடி வளர்ந்த கால் அப்படித்தான் இருக்கும். கிறிஸ்டியான் டவுட் என்ற பெல்ஜிய ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வெறுங்காலோடு நடந்தே பழகிய இந்தியர்களின் பாதம் முன்பக்கம் அகலமாக இருப்பதை அளந்து காட்டினார்கள். சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாணக் கருவியில் அளந்தது. நம் பாதங்கள் மேலை நாட்டாருடையதைவிட அகலம் என்பதே அங்கும் தெரிந்தது. அதை வைத்துத்தான் ‘பாரத்’தின் முதல் எழுத்தில் ‘பா’ என்று இந்தியாவுக்கே உரிய சைஸ் முறை உருவாகிறது. எனக்கு இது பெரிய ஆறுதல். மரத்துப்போனது என் காலின் கோளாறு அல்ல.

அகலம் போதவில்லை என்றால் நம்மில் பலரும் ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறோம். தயவுசெய்து வேண்டாம். ஒரு ஐரோப்பிய சைஸ் கூடினால் நீளம் 6.67 மி.மீ. கூடும், அகலம் ஒன்றரை மி.மீ. போலத்தான் கூடும். முன்பக்கம் காலியாகக் கிடக்கும், குதிகால் தூக்கிக்கொண்டு வரும், பெடலில் மாட்டும் கிளீட்டின் துளைகளும் பாதத்தை விட்டு முன்னால் தள்ளிப்போகும். அதே நீளத்தில் அகல அச்சு இருக்கிறதா என்று பாருங்கள். ஷிமானோ சில மாடல்களில் அகலமும் தனியாகத் தருகிறது. இத்தாலியின் சிடி ஒல்லியான அச்சுக்குப் பேர்போனது. அகலக் காலுக்கு ‘மெகா’ என்று தனி வரிசை வைத்திருக்கிறார்கள். லேக் கம்பெனியிடம் பலவித அச்சுகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் பான்ட்டில் மி.மீ. கணக்கில் நீளமும் அகலமும் பார்த்துத்தான் சைஸ். ஷூவைச் சூடாக்கிக் காலுக்கேற்ப வளைத்துக்கொள்ளவும் முடியும். விலை கையைக் கடிக்கும்.

42, அகலம் என்று அவன் வரவழைத்தான். பெட்டி வந்ததும் முதலில் உள் அட்டையை உருவித் தரையில் வைத்து அதன்மேல் நிற்கச் சொன்னேன். சதை ஓரத்தில் பிதுங்கினால் ஷூ குறுகல், பிதுங்கவில்லை. பிறகு போட்டு இறுக்கி, விரல்களை அசைத்தான், அசைந்தன. குதிகால் நகரவில்லை. கிளீட்டை இன்னும் மாட்டவில்லை. இரண்டு நாள் சாயங்காலம் வீட்டுக்குள் பாயின்மேல் மட்டும் அரைமணி போட்டிருக்கச் சொல்லியிருக்கிறேன்; அடிப்பாகத்தில் மண் பட்டால் திருப்பி எடுக்கமாட்டார்கள்.