அசல் சான்றிதழை விட்டுவைக்காதீர்கள்

ப்ளஸ் டூ தேர்வு முடிவு வெளியான அன்று மாலைக்குள் அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பிள்ளையின் பெயர், மதிப்பெண், அப்பாவின் கைபேசி எண் எல்லாம் அழைப்பவரிடம் இருக்கும். “ராஜஸ்தான்ல நல்ல யுனிவர்சிட்டி சார். நர்சிங், பார்மசி ரெண்டுலயும் சீட் இருக்கு. ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்தே பேசி முடிச்சிடலாம். டோக்கன் அட்வான்ஸ் மட்டும் நாளைக்குள்ள போட்டுடுங்க.” உள்ளூரில் விரும்பிய படிப்பு கிடைக்காமலோ, கேட்ட தொகை கட்டுப்படியாகாமலோ தவிக்கும் குடும்பத்துக்கு இந்தக் குரல் பெரிய ஆறுதல். கல்லூரியின் வாசலைக்கூடப் பார்க்காமல் பணம் போய்விடுகிறது.

தொலைதூரத்துச் சிறிய தனியார் பல்கலைக்கழகம் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. வகுப்புக்கு முப்பது பேர், எல்லோரையும் பேர் சொல்லி அழைக்கும் ஆசிரியர்கள், புது மொழி, புது நண்பர்கள் என்று நன்றாகப் படித்துத் திரும்பும் பிள்ளைகள் உண்டு. என் கவலை வேறு. உள்ளூர்க் கல்லூரியில் சிக்கல் வந்தால் அப்பாவோ மாமாவோ பஸ் ஏறிப்போய் முதல்வர் அறை வாசலில் நின்றுவிடுவார்கள். இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில் அது நடக்காது. மொழி புரியாத ஊரில் பதினெட்டு வயதுப் பிள்ளை தனியாக நிற்கும். நியாயமில்லாத நிர்வாகம் இந்தத் தொலைவை நம்பித்தான் துணிகிறது. ஆனால் விதிகள் மாணவர் பக்கம் நிறையவே இருக்கின்றன. அவற்றில் பலவற்றை வீட்டிலிருந்தபடியே பயன்படுத்த முடியும்.

முதலில், அது பல்கலைக்கழகம்தானா என்று பார்க்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின்படி, நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ சட்டம் இயற்றி உருவாக்கிய பல்கலைக்கழகமும், மத்திய அரசு அறிவித்த நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், பட்டம் வழங்க நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் தந்த நிறுவனமும் மட்டுமே பட்டம் தரலாம். அங்கீகாரம் பெற்றவற்றின் பட்டியலையும் போலிகளின் பட்டியலையும் யுஜிசி தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறது. போலிப் பட்டியலில் டெல்லி முகவரிகள் அதிகம். புதுச்சேரி முகவரியும் உண்டு. இந்தச் சட்டத்தை மீறி பல்கலைக்கழகம் என்று பெயர்ப்பலகை மாட்டுபவருக்கு 24ஆவது பிரிவு விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். அந்தத் தொகைக்கு யாரும் அஞ்சப்போவதில்லை. அதனால் சரிபார்க்கும் பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது.

அங்கீகாரம் இருந்தாலும் அதற்கு எல்லை உண்டு. 2003ஆம் ஆண்டின் யுஜிசி விதிகளின்படி தனியார் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்குள்தான் இயங்க வேண்டும். விதிவிலக்கான அனுமதி இல்லாமல் வேறு மாநிலத்தில் கிளை நடத்த முடியாது. வட மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரில் நம் ஊர் மாடி ஒன்றில் ‘ஸ்டடி சென்டர்’ வைத்து, வகுப்பு இங்கே, பட்டம் அங்கே என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சத்தீஸ்கரில் நடந்ததை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மாநிலம் 2002இல் கொண்டுவந்த சட்டம், அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டாலே தனியார் பல்கலைக்கழகம் தொடங்கலாம் என்றது. குறுகிய காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவை முளைத்தன. பலவற்றுக்குக் கட்டடமே இல்லை. விஞ்ஞானியும் யுஜிசியின் முன்னாள் தலைவருமான பேராசிரியர் யஷ் பால் உச்ச நீதிமன்றம் சென்றார். 2005 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தின் உரிய பிரிவுகள் ரத்தாயின. அவற்றின் கீழ் அமைந்த பல்கலைக்கழகங்கள் ஒரே தீர்ப்பில் இல்லாமல் போயின. படித்துக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்ற, அந்த நிறுவனங்களை மாநிலப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க முயலுமாறு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மாநில அரசின் அறிவிப்பைக் காட்டித்தான் அங்கெல்லாம் மாணவர் சேர்க்கை நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பல்கலைக்கழகம் உண்மையானதாக இருந்து படிப்புக்கு அனுமதி இல்லாமல் போகலாம். நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சில், பார்மசி என்றால் பார்மசி கவுன்சில், சட்டம் என்றால் பார் கவுன்சில், பி.எட். என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் குழு. அந்தந்தப் பட்டியலில் இந்த நிறுவனத்தின் இந்தப் படிப்பு இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் நான்கு ஆண்டு படித்து வாங்கிய பட்டத்தோடு ஊருக்கு வந்து கவுன்சிலில் பதிவு செய்ய முடியாமல் நிற்க நேரிடும். ‘அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்’ என்பது அனுமதி ஆகாது.

பணத்துக்கு வருவோம். யுஜிசி 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை மாணவருக்கு உண்மையிலேயே பெரிய காவல். அதன்படி, எந்த செமஸ்டர் அல்லது ஆண்டில் படிக்கப் போகிறாரோ அதற்கு மட்டுமே முன்கூட்டிக் கட்டணம் வாங்கலாம். மூன்றாண்டுக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கட்டச் சொல்வது தடைசெய்யப்பட்டது. சேர்ந்துவிட்டு விலகினால் பணம் திரும்ப வரும்: சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கும் முன்பே எழுதிக் கொடுத்தால் முழுத் தொகை, அதில் 5,000 ரூபாய்க்கு மிகாமல் செயல்பாட்டுச் செலவு மட்டும் கழியும். அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி கடந்து 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50. அதற்கும் மேல் போனால் ஒன்றுமில்லை. அண்மை ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமாகத் தனி அறிவிப்புகளும் தந்திருக்கிறது. 2024-25இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மிகாத பிடித்தம். சேரும் ஆண்டுக்கான அறிவிப்பைத் தேடிப் படித்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பப் படிவத்தின் அடியில் ‘கட்டணம் எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்படாது’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அந்த வரி இந்த விதியை மாற்றாது.

இவையெல்லாம் ரசீது இருந்தால்தான். ஏஜென்ட் கையில் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்காது, ஏஜென்டும் அடுத்த மாதம் எண்ணை மாற்றிவிடுவார். கட்டணம் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் காஷன் டெபாசிட்டுக்கும் தனித்தனி ரசீது வேண்டும்.

அசல் சான்றிதழ் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவரைக் கட்டிப்போடும் கயிறு அதுதான். சேர்க்கை நாளில் பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ் என எல்லா அசல்களையும் ‘வெரிஃபிகேஷன்’ என்று வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். இரண்டாவது மாதம் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, விலக வேண்டும் என்றால், மிச்ச ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துப்போ என்பார்கள். அதே 2018 அறிவிக்கை சொல்வது தெளிவானது: அசல்களை மாணவர் முன்னிலையிலேயே சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும், சுய கையொப்பமிட்ட நகல்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். “சார், யுஜிசி விதிப்படி அசலைப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துடுங்க” என்று சேர்க்கை மேசையிலேயே பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். மறுத்தால், எந்தெந்தச் சான்றிதழ் வாங்கப்பட்டது என்று முத்திரையோடு எழுதி வாங்குங்கள். அதையும் தர மறுக்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்ப்பது பற்றி அன்றே யோசித்துவிடுவது நல்லது. பயணத்துக்கு முன்பே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வீட்டில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

சேர்ந்த பிறகு தகராறு வந்தால் எங்கே போவது? 2023 ஏப்ரலில் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். இணையவழியில் புகார் தரும் வசதியும் இருக்க வேண்டும். சான்றிதழைத் தராமல் வைத்திருப்பது, பணத்தைத் திருப்பாதது, அறிவித்ததற்கு மேல் கட்டணம் கேட்பது, தேர்வையோ முடிவையோ இழுத்தடிப்பது, பாகுபாடு காட்டுவது எல்லாமே அதன் வரம்புக்குள் வரும். புகாரைப் பெற்ற 15 வேலை நாட்களுக்குள் குழு தன் அறிக்கையைத் தர முயல வேண்டும். முடிவில் நியாயம் இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் ஓம்பட்ஸ்பர்சன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதிதான் அந்தப் பொறுப்பில் இருக்க முடியும். அவர் 30 நாளுக்குள் தீர்க்க முயல வேண்டும்.

ஏட்டில் இருப்பதெல்லாம் நடைமுறையில் இல்லை. 2024 ஜூனில் யுஜிசி, குறைதீர்ப்பாளரை நியமிக்காத 157 பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் 47 தனியார் பல்கலைக்கழகங்கள், 108 மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள். விதியை மீறினால் மானியத்தை நிறுத்துவோம் என்கிறது யுஜிசி. மானியமே வாங்காத தனியார் நிறுவனத்திடம் அது செல்லாது. இந்த விதிகளின் பெரிய ஓட்டை இதுதான். ஆனாலும் புகாரை எழுதாமல் இருக்கக் கூடாது. தேதியிட்ட புகாரும், பதிவாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலும், யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் பதிந்த எண்ணும் கையில் இருந்தால்தான் பிறகு அந்த மாநிலத்தின் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வழி பிறக்கும். ‘வார்டன்கிட்ட சொன்னேன்ப்பா’ என்பதற்கு எந்த மேசையிலும் மதிப்பு கிடையாது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்பார்கள். அந்தக் கதவு முழுதாகத் திறந்தும் இல்லை, மூடியும் இல்லை. கல்வி நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று தேசிய ஆணையம் 2020இல் தீர்ப்பளித்து, அது உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் அங்கீகாரம் இருப்பதாகச் சொல்லி மாணவர்களைச் சேர்த்த பாட்னா பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் வழக்கில், 2009இல் உச்ச நீதிமன்றம் மாணவர்களுக்கு இழப்பீடு கிடைக்கச் செய்தது. பொய் விளம்பரத்தை நம்பிச் சேர்ந்தவர்கள் அந்த விளம்பரத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். ஏஜென்ட் ஏமாற்றியிருந்தால் வட மாநிலத்துக்கு ஓட வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே புகாரைப் பதிய முடியும்.

ராகிங் என்றால் நமக்கு 1996இன் நினைவு வராமல் இருக்காது. மருத்துவ மாணவர் நாவரசுவின் கொலைக்குப் பிறகுதான் தமிழ்நாடு 1997இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களில் நம் பிள்ளைகளைக் காப்பது யுஜிசியின் 2009 விதிகள். குற்றமாகும் ராகிங் பற்றித் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவர் காவல் துறையில் புகார் செய்ய வேண்டும். 2016இல் சேர்த்த திருத்தம் தமிழ் மாணவர்களுக்கு மிக முக்கியமானது: மொழி, பிறந்த பகுதி, நிறம், சாதி ஆகியவற்றைக் காட்டி ஒரு மாணவரை மனதாலோ உடலாலோ துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்தான். இந்தி தெரியாததற்காக ஹாஸ்டலில் தினமும் கேலி செய்யப்படும் பிள்ளை ‘பழகிக்கோ’ என்ற பதிலோடு திரும்ப வேண்டியதில்லை. 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் இரவும் பகலும் இயங்குகிறது.

பாலியல் தொல்லைக்குத் தனி வழி உண்டு. 2015 யுஜிசி விதிகளின்படி உள் புகார்க் குழு எல்லா நிறுவனத்திலும் கட்டாயம்; மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும் தொல்லைக்கு ஆளாகலாம் என்பதை அந்த விதிகள் ஏற்றிருக்கின்றன.

2025 பிப்ரவரியில் புவனேஸ்வரில் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் நேபாள மாணவி ஒருவர் விடுதியில் இறந்தார். மறுநாளே நேபாள மாணவர்களை வளாகத்தை விட்டு வெளியேறச் சொன்னார்கள். பலர் கட்டாக் ரயில் நிலையத்தில் இறக்கிவிடப்பட்டனர். நேபாள அரசு தூதரக அதிகாரிகளை அனுப்பியது, பிறகு நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. தமிழ்நாட்டு மாணவருக்கு இன்னொரு மாநிலத்தில் தூதரகம் இல்லை. அதனால் ஹாஸ்டலுக்கு வெளியே, படிக்கும் ஊரில் ஒரு முகவரி, தமிழ்ச் சங்கமோ உறவினரோ சீனியர் மாணவரின் குடும்பமோ, முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை சாப்பிடவில்லை, போனை எடுப்பதில்லை, பேச்சில் சுரத்தில்லை என்றால் ‘வீட்டு ஞாபகம்’ என்று தள்ளிவிடாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதியுள்ள மனநல ஆலோசகரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் ஆணையிட்டிருக்கிறது. யார் அவர், எந்த அறையில் இருப்பார் என்று சேரும் நாளிலேயே கேளுங்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால் டோக்கன் அட்வான்ஸ் போடும் முன்பு வங்கிக்குப் போங்கள். அந்த நிறுவனத்துக்குக் கடன் தர முடியாது என்று மேலாளர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அந்தப் பதில் ஏஜென்டின் பேச்சைவிடப் பயன்படும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கான போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகையை, வேறு மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் வழங்க வேண்டும். ஊருக்கு வந்துபோக ஸ்லீப்பர் வகுப்பில் பொதுப் பிரிவு மாணவருக்கு 50 சதவீதமும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 75 சதவீதமும் ரயில்வே சலுகை உண்டு. கன்செஷன் படிவத்தைக் கேட்டால் தருவது கல்லூரி அலுவலகத்தின் கடமை.

படிப்பு முடிந்ததும் பட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். தகுதி பெற்ற நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டின் யுஜிசி விதி.

அரசுப் பள்ளிகளின் ப்ளஸ் டூ ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் வீட்டில் இந்தப் பட்டியல்களைத் தேடிப் படிக்க ஆளில்லை. அவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள். நான் முதல்வன் திட்டத்தின் வழிகாட்டல் வகுப்புகளில் எந்தப் படிப்பு நல்லது என்பதோடு, அங்கீகாரத்தை எப்படிச் சரிபார்ப்பது, புகாரை எப்படி எழுதுவது என்பதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே அதை நடத்திவிடுங்கள். ஏஜென்டின் அழைப்பு முடிவு வந்த அன்றே வந்துவிடுகிறது.