ஆலைத் தூசியைப் பிடிக்கும் துணிப்பை: தோட்ட மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் கொடியில் காயும் துணியில் கரி படிவது புதிதல்ல. ஆனால், கண்ணுக்குத் தெரியும் கரியைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூசியே உடலுக்கு அதிகக் கேடு.

தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 2.5 மைக்ரானுக்கும் குறைவான தூசி நுரையீரலின் ஆழம் வரை சென்று தங்கிவிடும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் முதியோரும்தான் முதலில் பாதிக்கப்படுகிறார்கள்.

பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரும் கொட்டை ஓடும் ஆலையின் கொதிகலனில் எரிபொருளாகின்றன. புகையோடு வரும் சாம்பலைப் பிடிக்கப் பல ஆலைகளில் சைக்குளோன் எனும் கருவி உண்டு. அது புகையைச் சுழற்றிக் கனமான சாம்பலைக் கீழே விழச் செய்யும். நுண்தூசியோ அதில் சிக்காமல் தப்பிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1978ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு கன மீட்டர் புகையில் 400 மில்லிகிராம் வரை தூசி இருக்கலாம். 2014இல் வந்த தூய காற்று விதிமுறைகள் அதை 150 மில்லிகிராமாகக் குறைத்தன. பழைய ஆலைகள் மாறிக்கொள்ள 2019 வரை அவகாசம் தரப்பட்டது. அதன் பிறகு சைக்குளோன் மட்டும் இருந்தால் போதாது என்ற நிலை வந்தது.

துணிப்பை எப்படி வேலை செய்கிறது?

கோப்பிக் கடையில் கோப்பி வடிகட்டும் துணிப்பையை நினைத்துக்கொள்ளலாம். ஆலையில் அப்படிப்பட்ட நீளமான பைகள் நூற்றுக்கணக்கில் ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் தொங்கும். புகை துணியைக் கடந்து செல்ல, தூசி வெளிப்புறத்தில் படியும். படிந்த தூசியே பிறகு இன்னும் நுண்ணிய தூசியைத் தடுக்கும். அது தடித்துவிட்டால், பைக்குள் அழுத்தக் காற்று சட்டென்று பாய்ந்து தூசியை உதறிவிடும். நன்கு பராமரித்தால் 99 விழுக்காட்டுக்கும் மேலான தூசி பிடிபடும். ஆனால் புகையில் கலந்த வாயுக்களை இந்தப் பை தடுக்காது.

செம்பனை ஆலைகளில் இதற்கு இரண்டு எதிரிகள் உண்டு. கொதிகலனிலிருந்து பறந்து வரும் தீப்பொறி துணியில் ஓட்டை போடும். புகையிலுள்ள ஈரம் தூசியைக் களிமண்போல ஒட்டவைத்துப் பையை அடைத்துவிடும். அதனால்தான் பைகளுக்கு முன்னால் சைக்குளோனை வைத்துப் பொறிகளைப் பிடிக்கிறார்கள். அழுத்தமானியின் அளவு ஏறிக்கொண்டே போனால் பை அடைத்திருக்கலாம். திடீரென இறங்கினால் கிழிந்திருக்கலாம்.

பை மாற்றும் தொழிலாளர்கள் விசிறி நிறுத்தப்பட்டதையும் உள்ளே காற்று சோதிக்கப்பட்டதையும் உறுதி செய்யாமல் பெட்டிக்குள் இறங்கக்கூடாது. தகுந்த சுவாசக் கவசமும் வெளியே காவலுக்கு ஓர் ஆளும் கட்டாயம் வேண்டும்.

குடியிருப்பாளர்கள் என்ன செய்யலாம்?

புகைபோக்கியை விட்டு வந்த சற்று நேரத்தில் மறைந்துவிடும் வெண்புகை பெரும்பாலும் நீராவி. நெடுந்தூரம் கலையாமல் செல்லும் கரும்புகைதான் கவனிக்க வேண்டியது. தேதி, நேரம், படம் ஆகியவற்றைப் பதிவு செய்து, சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம். ஒருவர் ஒருமுறை சொல்வதைவிட, பல வீட்டார் தேதிவாரியாகக் குறித்துக் கொடுக்கும் புகாரை ஒதுக்கித் தள்ளுவது கடினம்.