வெட்டினால் வளரும் குட்டிப் புழு: இதன் மரபணுவைப் படிக்க விஞ்ஞானிகள் திணறியது ஏன்?

நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். உடம்பு கண்ணாடி மாதிரி. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், அது தின்ற பாசி குடலில் கிடப்பது வரைக்கும் தெரியும். மேக்ரோஸ்டோமம் லிக்னானோ என்பது இந்தக் கடல் தட்டைப்புழுவின் பெயர். இத்தாலியில், ஏட்ரியாடிக் கடலோரம் இருக்கும் லிக்னானோ என்ற ஊரின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு எளிமையான உயிரினத்தின் ஜீனோமை, அதாவது மொத்த மரபணுத் தொகுப்பையும் படிப்பது சுலபமாகத்தானே இருக்கும்? அதுதான் இல்லை.

இந்தப் புழு மேல் ஏன் இவ்வளவு ஆர்வம்?

தொண்டைக்குப் பின்னால் இருக்கும் உடம்பை அப்படியே வெட்டி எடுத்தாலும் சில வாரங்களில் திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் மூளையோடு சேர்த்துத் தலையை வெட்டினால் புதுத் தலை வளராது. (இதன் சொந்தக்காரனான பிளனேரியா புழுவுக்குத் தலையே புதிதாக முளைக்கும். அந்த விஷயத்தில் இது ஒரு படி கீழேதான்!)

இப்படி வளரக் காரணம், உடம்பில் இருக்கும் நியோபிளாஸ்ட் எனும் ஸ்டெம் செல்கள். தோல், தசை, குடல் என எந்த செல்லாகவும் இவை மாறும். இந்த வேலைக்கான கட்டளை எங்கே இருக்கிறது என்று தேடணும்னா, முதலில் ஜீனோம் கையில் இருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வந்தது?

மனித ஜீனோமில் சுமார் 300 கோடி டிஎன்ஏ எழுத்துகள். இந்தப் புழுவுக்குச் சுமார் 70 கோடி. அளவு பிரச்னையே இல்லை. உள்ளே இருப்பதுதான் பிரச்னை.

வழக்கமாக டிஎன்ஏவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கிப் படிப்பார்கள். ஒரு துண்டில் நூறு, இருநூறு எழுத்துகள்தான் இருக்கும். எந்தத் துண்டின் முனை எதோடு பொருந்துகிறது என்று கம்ப்யூட்டர் பார்த்து ஒட்டும்.

ஒரு கதைப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டால் இப்படி ஒட்டிவிடலாம். ஆனா, பக்கம் பக்கமாக ஸ்ரீராமஜெயம் எழுதிய நோட்டைக் கிழித்துப் போட்டால்? எந்தத் துண்டு எந்தப் பக்கத்தோடது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் புழுவின் ஜீனோம் கிட்டத்தட்ட அந்த நோட்டு மாதிரிதான். சுமார் 75 சதவீதம், வந்ததே திரும்பத் திரும்ப வரும் பகுதி!

எப்படிச் சமாளித்தார்கள்?

துண்டின் நீளத்தைக் கூட்டினார்கள். ஒரே மூச்சில் பல ஆயிரம் எழுத்துகளைப் படிக்கும் இயந்திரங்கள் அப்போது வந்திருந்தன. துண்டு பெரிதாக இருந்தால், திரும்ப வரும் பகுதியைத் தாண்டி இரண்டு பக்கமும் இருக்கும் வேறு எழுத்துகள் அதில் சிக்கும். அதை வைத்து இடத்தைப் பிடித்துவிடலாம். அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் தலைமையிலான குழு 2015இல் இந்த ஜீனோமை வெளியிட்டது இப்படித்தான்.

மனித ஜீனோமுக்கும் இதே கதைதான். 2003இல் முடிந்தது என்று அறிவித்தபோதும் சுமார் 8 சதவீதம் படிக்கப்படாமலே இருந்தது. பெரும்பாலும் திரும்ப வரும் பகுதிகள். நீளத் துண்டுகளைப் படிக்கும் முறையால் 2022இல்தான் அது நிரம்பியது.

திரும்ப வரும் பகுதி எல்லாம் குப்பையா?

அப்படித் தள்ளிவிட முடியாது. அதில் ஒரு பகுதி 'தாவும் மரபணுக்கள்'. ஜீனோமுக்குள் இடம்விட்டு இடம் தாவி, போகிற இடத்தில் இருக்கும் நல்ல மரபணுவைக் கெடுத்துவிடக் கூடியவை. வாழ்நாள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்கும் ஸ்டெம் செல்லுக்கு இது பெரிய ஆபத்து.

இவற்றை அடக்கி வைப்பதில் பிவி என்ற வகை மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. இந்தப் புழுவில் ஒரு பிவி மரபணு இரண்டு வேலை பார்ப்பது தெரியவந்துள்ளது: தாவும் மரபணுக்களை அடக்குகிறது, ஸ்டெம் செல்களையும் காப்பாற்றி வைக்கிறது. பிவி மரபணுக்கள் நமக்கும் உண்டு. ஆனால் நம் உடம்பில் அவை வேலை செய்வது பெரும்பாலும் இனப்பெருக்க செல்களில்தான்.

அப்படின்னா நமக்கும் கை, கால் முளைக்குமா?

இந்த ஆய்வை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் எந்த மரபணு என்ன செய்கிறது என்று இப்போது நேரடியாகச் சோதிக்க முடிகிறது. 2017இல் இன்னும் மேம்பட்ட ஜீனோம் வெளியானது. அதே ஆய்வில், புழுவின் முட்டைக்குள் புது மரபணுவை ஊசியால் செலுத்தி, உடம்பு ஒளிரும் புழுக்களையும் உருவாக்கிவிட்டார்கள். உடம்புதான் கண்ணாடி மாதிரி ஆச்சே, ஒளிரும் செல்களை உயிரோடு இருக்கும்போதே பார்க்கலாம்.